மாடல் டி ஃபோர்டின் கியர் பட்டைகளை முடுக்குவது எப்படி?

பழைய ஃபோர்டு மாடல் டி கார் ஒன்று உங்கள் பொறுப்பில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் மேடு வந்தால் பெடலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி இழுக்க மறுக்கிறது. இன்ஜின் மட்டும் இரைகிறது. அல்லது பிரேக்கை மிதித்தால் பெடல் தரைப்பலகை வரை போகிறது, வண்டி நிற்க நேரமாகிறது. இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றே. கியர்பெட்டிக்குள் இருக்கும் பட்டைகள் தேய்ந்து தளர்ந்துவிட்டன.

அவற்றை முடுக்குவது நீங்களே செய்யக்கூடிய வேலைதான். ஆனால் நட்டுகள் இருக்கும் இடம் நெருக்கடியானது. கை போனால் கண் தெரியாது, கண் தெரிந்தால் கை போகாது. ஒரு சிறு திருகு உள்ளே விழுந்தாலும் இன்ஜினுக்கே ஆபத்து. அதனால் அவசரமில்லாத ஒரு நாளில், நல்ல வெளிச்சத்தில் தொடங்குங்கள்.

இது எந்த வண்டி?

மாடல் டி-யை அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1908-இல் ஃபோர்டு நிறுவனம் அறிமுகப்படுத்தியது. 1927 வரை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி வண்டிகள் வெளிவந்தன. அமெரிக்க வண்டிகளுக்கு ஸ்டீயரிங் இடப்பக்கம். கனடாவில் கட்டிய வலப்பக்க ஸ்டீயரிங் வண்டிகள் இந்தியா உள்பட அன்றைய பிரிட்டிஷ் ஆட்சி நாடுகளுக்கு அனுப்பப்பட்டன. பழைய கார் அணிவகுப்புகளில் இன்றும் இவை ஓடுகின்றன.

மூன்று பெடல் இருக்கிறதே, எது எதற்கு?

இன்றைய கார் ஓட்டியவருக்கு முதலில் குழப்பம் இங்கேதான். வலப்பக்கப் பெடல் ஆக்ஸிலரேட்டர் அல்ல, பிரேக். நடுப்பெடல் பின்னோக்கிப் போக. இடப்பக்கப் பெடலுக்கு மூன்று நிலை: முழுக்க அழுத்தினால் முதல் கியர், பாதி அழுத்தினால் நியூட்ரல் (இன்ஜின் ஓடும், வண்டி நகராது), காலை எடுத்தால் மேல் கியர். ஆக்ஸிலரேட்டர் ஸ்டீயரிங்குக்குக் கீழே கையால் தள்ளும் ஒரு சிறு பிடி.

இவற்றோடு தரையிலிருந்து எழும் ஒரு கைப்பிடியும் உண்டு. அதை முழுக்கப் பின்னால் இழுத்தால் பின்சக்கரங்களுக்குக் கைபிரேக் விழும். கியரும் நியூட்ரலுக்கு வந்துவிடும். நேராக நிறுத்தினால் கைபிரேக் விலகும், கியர் நியூட்ரலிலேயே இருக்கும். முன்னால் தள்ளினால்தான் மேல் கியர் விழும்.

பட்டை என்ன செய்கிறது?

கியர்பெட்டிக்குள் மூன்று டிரம்கள் (உருளை வடிவ இரும்பு வளையங்கள்) வரிசையாகச் சுழல்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி ஓர் எஃகுப் பட்டை. பட்டையின் உட்புறம் லைனிங் (தேய்மானத்தைத் தாங்கும் துணி அல்லது மர அடுக்கு). பெடலை அழுத்தும்போது பட்டையின் இரு முனைகளும் நெருங்கி, டிரம்மை இறுகப் பிடித்து நிறுத்துகின்றன. ஓடும் கிணற்று ராட்டினத்தை உள்ளங்கையால் பிடித்து நிறுத்துவதைப் போன்றது இது.

எந்த டிரம் நிற்கிறதோ அதைப் பொறுத்து உள்ளிருக்கும் பற்சக்கரங்கள் வேகத்தைக் குறைத்துத் தருகின்றன. முதல் கியரில் இன்ஜின் 2.75 சுற்று சுற்றினால் வண்டியின் தண்டு 1 சுற்று சுற்றும். பின்னோக்கிப் போகும்போது 4 சுற்றுக்கு 1. மேல் கியரில் பட்டை எதுவும் பிடிக்காது. கிளட்ச் எல்லாவற்றையும் ஒன்றாகப் பூட்டிவிடுவதால் சுற்றுக்குச் சுற்று நேராகப் போகும்.

பிடிக்கும்போதெல்லாம் லைனிங் சிறிது தேயும். தேயத் தேயப் பெடல் இன்னும் கீழே போனால்தான் பட்டை பிடிக்கும். கடைசியில் பெடல் பலகையில் முட்டிவிடும், பட்டை முழுதாகப் பிடித்திருக்காது. அந்த இடைவெளியைக் குறைப்பதைத்தான் முடுக்குவது என்கிறோம்.

கொஞ்சம் தளர்ந்தால் என்ன, ஓட்டிக்கொண்டே இருக்கலாமே?

கூடாது. காலால் மிதிக்கும் பிரேக்கும் இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. வலப்பெடல் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. கியர்பெட்டியில் உள்ள மூன்றாவது டிரம்மைப் பிடிக்கிறது. அந்தப் பட்டை தளர்ந்தால் வண்டிக்குக் கால்பிரேக் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. தளர்ந்த பட்டை வழுக்கும், வழுக்கினால் சூடாகும், சூட்டில் லைனிங் கருகும், டிரம்மில் விரிசல் விழும். ஓர் அரைச் சுற்று முடுக்கலில் தீரவேண்டியது, கியர்பெட்டியையே கழற்றும் வேலையாக வளர்ந்துவிடும்.

தொடங்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

சமதளத்தில் நிறுத்துங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கைபிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம். இன்ஜின் நன்றாக ஆறட்டும். சாவியை அணைத்து எடுத்துவிடுங்கள். செல்ஃப் ஸ்டார்ட் உள்ள வண்டியானால் பேட்டரி இணைப்பையும் கழற்றுங்கள். உள்ளே விரல் இருக்கும்போது இன்ஜின் சுற்றவே கூடாது.

ஸ்பேனர் அங்குல அளவில் இருக்கட்டும். இது அமெரிக்க வண்டி. மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். மழுங்கிய நட்டை அந்தக் குறுகிய இடத்தில் கழற்றுவது பெரும்பாடு. கழுத்து வளைந்த ஸ்பேனர், நீளமான திருப்புளி, டார்ச், நீண்ட கைப்பிடியுள்ள காந்தம், சுத்தமான பெரிய துணிகள், உறுதியான நூல் ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பட்டையை எங்கிருந்து முடுக்குவது?

முதல் கியர்ப் பட்டைக்கு மட்டும் பெட்டியைத் திறக்கத் தேவையில்லை. கியர்பெட்டி மூடியின் வலப்பக்கம் வெளியே ஒரு திருகு நீட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் ஒரு லாக் நட்டு (திருகு தானாகச் சுழலாமல் பிடிக்கும் நட்டு). லாக் நட்டைத் தளர்த்தி, திருகை வலப்புறமாக அரைச் சுற்று திருப்பி, மறுபடி லாக் நட்டை முடுக்குங்கள். பெரும்பாலான நேரம் இதுவே போதும், ஏனென்றால் அதிகம் தேய்வது இந்தப் பட்டைதான்.

மற்ற இரண்டு பட்டைகளின் நட்டுகள் உள்ளே இருக்கின்றன. அவற்றுக்காகத் தரைவிரிப்பை எடுத்து, மரப்பலகைகளைக் கழற்றி, அதன் கீழே தெரியும் சிறு கதவைத் திறக்க வேண்டும். பலகைகளில் சாக்பீஸால் எண் போட்டுவிட்டால் திருப்பிப் பொருத்தும்போது தடுமாற வேண்டாம்.

கதவைத் திறக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள மண், பிசுக்கு எல்லாவற்றையும் துடைத்துவிடுங்கள். இந்த வண்டியில் இன்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் ஒரே எண்ணெய். கதவு வழியாக விழும் மண் நேராக இன்ஜின் பேரிங்குக்குப் போகும்.

கதவை ஆறு சிறு திருகுகள் பிடித்திருக்கும். எட்டாத மூலையில் உள்ளவற்றை முதலில் கழற்றுங்கள். கை எட்டும் திருகு ஒன்று கடைசிவரை கதவைப் பிடித்திருந்தால் கதவு சாயாது, மற்றவை உருளாது. ஆறையும் ஒரு கிண்ணத்தில் போட்டு எண்ணிப் பாருங்கள். கதவின் அடியில் இருக்கும் கேஸ்கெட்டை (எண்ணெய் கசியாமல் தடுக்கும் மெல்லிய தகடு) கிழியாமல் எடுங்கள்.

உள்ளே பார்த்தால் என்ன தெரியும்?

மூன்று பட்டைகள் வரிசையாகத் தெரியும். இன்ஜினை ஒட்டி இருப்பது ரிவர்ஸ், நடுவில் முதல் கியர், பின்னால் பிரேக். ஒவ்வொரு பட்டையின் இரு முனைகளும் மேலே காது போல நீட்டிக்கொண்டிருக்கும். பெடலிலிருந்து வரும் தண்டு குறுக்கே போய் அந்தக் காதுகளின் ஊடே செல்லும். காதுகளுக்கு நடுவே ஒரு சுருள்வில். தண்டின் வலமுனையில், பெட்டியின் சுவரை ஒட்டியபடி, நீங்கள் தேடும் நட்டு இருக்கும். ஸ்பேனரைப் போட்டால் சிறிதளவுதான் திருப்ப இடம் கிடைக்கும். திருப்புங்கள், எடுங்கள், மறுபடி போடுங்கள். பொறுமையாகச் செய்தால் வரும்.

திருகு உள்ளே விழுந்துவிட்டால்?

இந்தக் கேள்வி உங்களுக்கு வந்திருக்க வேண்டும், வருவது நல்லது. பட்டைகளுக்கு முன்னால் சுழலும் ஃபிளைவீலில் (இன்ஜினின் ஓட்டத்தைச் சீராக்கும் கனத்த சக்கரம்) 16 காந்தங்கள் பொருத்தியிருக்கிறார்கள். எதிரே 16 செப்புச் சுருள்கள். இன்ஜினுக்கான மின்சாரம் இந்த அமைப்பில்தான் உண்டாகிறது. காந்தத்துக்கும் சுருளுக்கும் இடையே உள்ள இடைவெளி சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். விழுந்த இரும்புத் துண்டு காந்தத்தில் ஒட்டிக்கொண்டு சுற்றினால் சுருள்கள் கிழிந்துபோகும். பற்சக்கரங்களுக்கு இடையே சிக்கினால் பல் உடையும்.

எனவே ஸ்பேனரை உள்ளே விடும் முன், நட்டைச் சுற்றிக் கீழே தெரியும் ஓட்டைகள் எல்லாவற்றையும் துணியால் அடையுங்கள். சிறு கந்தல்கள் வேண்டாம். பெரிய துணி ஒன்றோ இரண்டோ போதும். ஒவ்வொரு துணியிலும் நூல் கட்டி, நூலின் மறுமுனையை வெளியே ஸ்டீயரிங் தண்டில் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் துணியே உள்ளே போய்விடும். ஸ்பேனருக்கும் அப்படியே ஒரு நூல்.

அப்படியும் ஏதாவது விழுந்துவிட்டால் கையை எடுத்துவிட்டு டார்ச் அடித்துத் தேடுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஹேண்டில் (இன்ஜினைக் கையால் சுற்றும் கம்பி) போட்டு ஒரு சுற்றுகூடச் சுற்றாதீர்கள். காந்தக் கோலால் துழாவினால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் மூடி முழுவதையும் கழற்றித்தான் தேட வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் தவிர்க்க முடியாது. ஒரு திருகு கணக்கில் குறைந்தால் அது கிடைக்கும் வரை வண்டி ஓடக்கூடாது.

எவ்வளவு முடுக்க வேண்டும்?

அரை அரைச் சுற்றாக. ஒவ்வொரு முறையும் அந்தப் பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். பட்டை இறுகப் பிடித்த பிறகும் பெடலுக்கும் தரைப்பலகை இருக்கும் மட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடம் மிச்சம் இருந்தால் சரி. அதற்குமேல் முடுக்காதீர்கள்.

இன்னும் இறுக்கினால் பிரேக் இன்னும் நன்றாக இருக்குமே என்று தோன்றும். இருக்காது. பெடலை விட்ட பிறகும் பட்டை டிரம்மை உரசிக்கொண்டே இருக்கும். பிரேக் போட்டுக்கொண்டே ஓட்டுவதுபோல இன்ஜின் திணறும், தண்ணீர் கொதிக்கும், லைனிங் கருகும். முதல் கியர்ப் பட்டை மிகவும் இறுகினால் நியூட்ரலே கிடைக்காது: மேல் கியர் விடுபடும் முன்பே முதல் கியர் பிடித்துவிடும். சந்திப்பில் பெடலைப் பாதி அழுத்தி நிற்க நினைப்பீர்கள்; வண்டி முன்னால் இருப்பவரை நோக்கி நகரும்.

உரசுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உள்ளே ஸ்பேனரோ துணியோ இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கைப்பிடியை நேராக நிறுத்தி, பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்குங்கள். மற்ற சக்கரங்களில் கட்டை இருக்கட்டும். தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். முடுக்குவதற்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் சுற்றினால் வித்தியாசம் கையிலேயே தெரியும். முடுக்கிய பிறகு கனமாகிவிட்டதென்றால் பிரேக் பட்டையைக் கால் சுற்று தளர்த்துங்கள்.

முடுக்கியும் பிடிக்கவில்லை என்றால்?

லைனிங் தீர்ந்திருக்கிறது. லைனிங்கைப் பட்டையோடு சேர்த்துப் பிடிப்பவை பித்தளை ரிவெட்டுகள். துணி தேய்ந்து ரிவெட்டு வெளியே வந்தால் அது டிரம்மைக் கீறும். திருகில் முடுக்க இடம் இல்லாமல் போனாலோ, ரிவெட்டின் தலை டிரம்மைத் தொடும் அளவுக்கு லைனிங் மெலிந்திருந்தாலோ, முடுக்குவதை நிறுத்திவிட்டுப் புது லைனிங் போடுங்கள்.

முன்பு நெய்த பருத்தி லைனிங்தான் இருந்தது. மெதுவாகப் பிடிக்கும், டிரம்முக்கு நல்லது. ஆனால் விரைவில் தேயும். தேயும்போது உதிரும் பஞ்சு எண்ணெயில் கலந்து, இன்ஜினின் முன்பகுதிக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாயை அடைத்துவிடும். அதனால் பருத்தி போட்டவர்கள் எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டும். இப்போது மர லைனிங்கும் கெவ்லார் (வெப்பம் தாங்கும் செயற்கை இழை) லைனிங்கும் கிடைக்கின்றன. கெவ்லார் நீண்ட நாள் வரும். ஆனால் அரைகுறையாக அழுத்தி வழுக்கவிட்டால் சூட்டைத் தாங்கிக்கொள்வது லைனிங், கெடுவது டிரம். எதைப் போட்டாலும் பெடலை உறுதியாக அழுத்தி, உறுதியாக விடும் பழக்கம் வேண்டும்.

பட்டை சரியாக இருக்கிறது, மேல் கியரில்தான் வழுக்குகிறது. அதற்கு?

அது கிளட்சின் குறை. அதே கதவு வழியாகப் பார்த்தால் கிளட்சில் மூன்று விரல்கள் (கிளட்சை அழுத்தும் சிறு நெம்புகோல்கள்) தெரியும். ஒவ்வொன்றிலும் ஒரு திருகு. அது சுழலாமலிருக்க ஒரு காட்டர் பின் (வளைத்துச் செருகும் சிறு கம்பி). பின்னை எடுத்து, திருகை அரைச் சுற்று வலப்புறம் திருப்பி, புதுப் பின்னைச் செருகி மடக்குங்கள். மூன்றையும் ஒரே அளவு திருப்ப வேண்டும். ஒன்று கூடினாலோ குறைந்தாலோ கிளட்ச் ஒரு பக்கமாகச் சாய்ந்து பிடிக்கும்.

ஒரு நேரத்தில் ஒரு விரல்தான் மேலே வரும். அடுத்ததைக் கொண்டுவர ஹேண்டிலால் இன்ஜினை மெதுவாகச் சுற்ற வேண்டும். சுற்றும் முன் துணி, ஸ்பேனர் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். சாவி அணைந்திருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். பழைய காட்டர் பின்னைத் திரும்பப் போடாதீர்கள். ஒரு முறை வளைந்து நிமிர்ந்த கம்பி மறுமுறை ஒடியும். ஒடிந்தால் விழுவது அதே காந்தங்களின் நடுவே.

காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வண்டி முன்னால் நகர்கிறதே, அதுவும் இதனாலா?

பெரும்பாலும் இல்லை. ஆறிய எண்ணெய் கெட்டியாக இருக்கும். கிளட்ச் தட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். கைப்பிடி பின்னால் இழுத்திருந்தாலும் வண்டி ஹேண்டில் போடுபவரை நோக்கி வரப் பார்க்கும். சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் ஹேண்டில் போடாதீர்கள். இன்ஜின் சூடான பிறகும் நகர்ந்தால்தான் கிளட்சைச் சரிபார்க்க வேண்டும்.

மூடுவதற்கு முன்?

ஸ்பேனர்களை எண்ணுங்கள். துணிகளை எண்ணுங்கள். நூல்களை அவிழ்த்து, டார்ச் அடித்து ஒரு முறை முழுக்கப் பாருங்கள். பிறகு கேஸ்கெட்டை வைத்து, ஆறு திருகுகளையும் முதலில் விரலால் ஏற்றி, எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். மிகையான பலம் வேண்டாம். மரை போய்விட்டால் எண்ணெய் கசியும். பலகைகளைப் பொருத்திய பிறகு ஒவ்வொரு பெடலையும் அழுத்தி விடுங்கள். பலகையின் விளிம்பில் உரசாமல் முழுதாக மேலே வர வேண்டும். பெடல் பாதியில் நின்றால் பட்டை உரசும், நீங்கள் செய்த வேலை வீணாகும்.

சாலைக்குப் போகும் முன் எதைச் சோதிக்க வேண்டும்?

ஆளில்லாத சமதளத்தில், நடை வேகத்தில் தொடங்குங்கள். இடப்பெடலைப் பாதி அழுத்தினால் வண்டி அசையாமல் நிற்க வேண்டும். முழுக்க அழுத்தினால் குலுங்காமல் கிளம்ப வேண்டும். பிறகு பிரேக்கை மிதியுங்கள். பலகையைத் தொடும் முன்பே வண்டி நிற்க வேண்டும். கொஞ்சம் வேகமாகப் போய் மறுபடி மிதியுங்கள். ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தி, தரைப்பலகை மிகவும் சூடாக இருக்கிறதா, கருகல் வாடை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் எங்கோ மிகையாக இறுக்கியிருக்கிறீர்கள்.

கைபிரேக்கையும் அன்றே சோதியுங்கள். கால்பிரேக்கின் பிடி கியர்பெட்டியிலிருந்து தண்டு வழியாகப் பின் அச்சுக்குப் போகிறது. அந்த வழியில் எங்கேனும் முறிந்தால் பெடலை எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் நிற்காது. அப்போது உங்களிடம் மிச்சமிருப்பது கைபிரேக் மட்டுமே. பின் அச்சுக்குள் இருக்கும் பழைய பாபிட் வாஷர்கள் (மென்மையான வெள்ளை உலோக வளையங்கள்) நொறுங்கினாலும் இதே கதிதான். அவற்றை வெண்கல வாஷர்களாக மாற்றியிருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். நெரிசலான சாலையில் ஓட்டுவதானால் பின்சக்கரங்களுக்குத் தனி பிரேக் பொருத்திக்கொள்வது நல்லது. இந்த வண்டிக்கென்றே அவை கிடைக்கின்றன.

கடைசியாக, முடுக்கிய தேதியையும் எந்த நட்டை எத்தனை சுற்று திருப்பினீர்கள் என்பதையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். ஒரு பட்டைக்கு மட்டும் அடிக்கடி வேலை வந்தால் அந்தக் குறிப்பே காட்டிக்கொடுக்கும்: லைனிங் தீரப்போகிறது, அல்லது அந்தப் பெடலை ஓட்டுபவர் அரைகுறையாக அழுத்துகிறார். வண்டியை எடுக்கும் ஒவ்வொரு முறையும், கிளம்பும் முன் மூன்று பெடல்களையும் ஒருமுறை மிதித்துப் பாருங்கள். இரண்டு விரல் இடம் குறையத் தொடங்கினால், அடுத்த பயணத்துக்கு முன்பே ஸ்பேனரை எடுத்துவிடுங்கள்.